வெண்ணிற அங்கியும் வெப்பமானியும்

இந்த அவையின் நடுவே அமர்ந்து, பேசுகிற பிள்ளைக்கு இருமல் வந்தால் தன் தண்ணீரையே நகர்த்தி வைக்கும் எங்கள் தலைமையாசிரியை அவர்களே, எங்கள் தவறுகளை எண்ணாமல் திருத்திய ஆசிரியப் பெருமக்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

என் கால்கள் நடுங்குவது முன்வரிசைக்குத் தெரிகிறது. தெரியட்டும். நடுக்கத்தையும் அளக்கலாம் என்று சொல்லும் பாடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எனக்குத் தந்த தலைப்பு, இயற்பியல் படித்தால் என்ன வேலை?

அங்கே சிரித்த மாமா யார்? நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், இதே சிரிப்புதான். நாளைக் காலை என் அப்பா தலைமையாசிரியை அறையில் உட்காருவார். பெண் என்ன படிக்கப் போகிறாள் என்று அம்மையார் கேட்பார். அப்பா ஒரே ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லில்தான் என் வாழ்வு இருக்கிறது. கணக்கியல் என்பது அவர் மனதில் இருக்கும் சொல். இயற்பியல் என்பது என் மனதில் இருக்கும் சொல். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் மைக்கிடம் சொல்கிறேன்.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் லாரி ஓட்டுகிறவர். "உங்க அத்தை பையன் பிசிக்ஸ் படிச்சுட்டு செல்போன் கடையில கவர் விக்கிறான்மா. நீ கணக்குப் படி, நம்ம லாரி ஆபீஸ்லயே சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அது கண்டிப்பா? இல்லை. அது கவலை. மகள் கடைத்தெருவில் கைகட்டி நிற்கக் கூடாது என்ற கவலை.

ஆனால் அவையோரே, வானில் மேகம் திரளும் முன்பே மழையைச் சொல்பவர் யார்? பூமி அதிர்ந்தால் எங்கே அதிர்ந்தது என்று கண்டறிபவர் யார்? உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் கடுகளவுச் சில்லைச் செதுக்க வழி சொல்பவர் யார்? கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கட்டுக்குள் வைத்து, கட்டியை மட்டும் கருக்கி, பக்கத்தில் இருக்கும் நல்ல சதையைக் காப்பவர் யார்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் கண்ணால் பார்த்த பதில் ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. இதோ, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. எல்லோரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அம்மாவுக்குக் கூச்சம்.

சிகிச்சை அறை மருத்துவமனையின் அடித்தளத்தில். நீளமான நடை, பச்சை நாற்காலிகள், சுவரைப் போலவே தடித்த ஒரு கதவு. வெண்ணிற அங்கி போட்ட ஓர் அம்மா தினமும் நோயாளிகளுக்கு முன்பே அந்தக் கதவுக்குள் போய், இயந்திரத்தைச் சோதித்துவிட்டு வெளியே வருவார். அதன் பிறகுதான் முதல் பெயரைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் போனவர் வரவில்லை. காத்திருந்தோம். வந்தார், அளவில் சிறு வித்தியாசம் தெரிகிறது, இன்னும் நேரமாகும் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நண்பகலுக்குப் பிறகு அங்கி போட்டவர் வெளியே வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்றார். இயந்திரத்தில் பிழை இல்லை, பிழை என் அளவில் என்றார். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கருவியை வைத்துக் கதிரை அளப்பார்களாம். அன்று தண்ணீரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். தண்ணீர் சில்லென்று இருக்க, அவர் வெப்பமானியை அறைக் காற்றில் வைத்துப் படித்துவிட்டார். அந்தக் குளிரே கணக்கை மாற்றிவிட்டது.

என் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா நிறுத்தினீங்க? இவளால உட்காரவே முடியல, பாருங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்போ தெரியாதுண்ணா. தெரியாம அண்ணிய உள்ள படுக்க வைக்க எனக்கு மனசு வரல."

வீடு திரும்பும் வழியில் அப்பாவே பேச்சை எடுத்தார். "நானும் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயரா தட்டிப் பாக்கறேன். கிளீனர் சிரிப்பான். சிரிச்சா சிரிக்கட்டும்னு தட்டுவேன்." அவ்வளவுதான் சொன்னார். மறுநாளிலிருந்து அந்த அம்மா நடையில் வந்தால் போதும், என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். கைகூப்பி, "வணக்கம் டாக்டரம்மா" என்பார். என் காதில் மெதுவாகச் சொல்வார், "படிச்சா இப்படிப் படிக்கணும்."

ஒருநாள் அம்மா உள்ளே இருந்தபோது நான் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு அந்த டாக்டரம்மாவிடம் போனேன். டாக்டர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா. நான் பிசிக்ஸ் படிச்சவ. எல்லாரும் அப்படியே கூப்பிடறாங்க, திருத்திக்கிட்டே இருந்தா வேலை ஓடாது."

அப்பா, கேட்டீர்களா? நீங்கள் எழுந்து நின்று வணங்கிய டாக்டரம்மா டாக்டர் இல்லை. பிசிக்ஸ்காரி.

கைதட்டல் போதும், எனக்குப் பேச்சு மறந்துவிடும். பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் இயற்பியலில் பட்டம், அதன்மேல் மேற்படிப்பு, பிறகு மருத்துவ இயற்பியலுக்கென்று தனிப் படிப்பு, அதற்கும் பிறகு மருத்துவமனையில் மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் பயிற்சி. அவர் சரி என்று சொல்லும்வரை தனியாக இயந்திரத்தைத் தொட முடியாது. சுலபமா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "சும்மா சொல்ல மாட்டேன். இடம் கொஞ்சம்தான், காத்திருக்கணும். எனக்கும் முதல் வேலை டியூஷன் சென்டர்ல. ஆனா கத்துக்கிட்டது வீணாப் போகல" என்றார். என் அத்தை மகனும் அப்படிக் காத்திருப்பவர்தான். கவர் விற்கும் அந்தக் கை நாளை எதை அளக்கும் என்று யார் கண்டது?

ஆகவே பெற்றோர்களே, இயற்பியல் படித்தால் என்ன வேலை என்று கேட்காதீர்கள் என நான் சொல்லமாட்டேன். கேளுங்கள். உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். சந்தேகப்படத் தெரிந்தவரின் பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு பொருந்தும். சரியாக இருக்கும்போதும் சரிபார்ப்பது அன்பு. தவறு தன்னுடையது என்று தானே வந்து சொல்வது அன்பு. முகம் தெரியாத ஒருவரின் உயிருக்காக ஒரு வெப்பமானியை மறுபடி பார்ப்பது, அதுவும் அன்புதான். அந்த அன்புக்குச் சம்பளமும் உண்டு என்பதே இன்று நான் கொண்டுவந்த செய்தி.

அப்பா, நாளைக் காலை அந்த அறைக்குள் போகும் முன், லாரியைச் சுற்றி வருவதுபோல என்னையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். தட்டிப் பாருங்கள். காற்று குறைவாக இருந்தால் கணக்கியல் என்று சொல்லுங்கள், நான் அழமாட்டேன். தாங்கும் என்று தோன்றினால், அந்த இன்னொரு சொல்லைச் சொல்லுங்கள்.

கடைசி வரிசையில் யாரோ எழுந்து நிற்கிறார். கை கூப்பியிருக்கிறார்.

அப்பா, உட்காருங்கள். பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கிறது.

நடுங்கிய குரலைப் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, வணங்கி, அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருகிறேன். வணக்கம்.