நாப்பத்தஞ்சுக்கு மேலே

— நூத்தி நாப்பத்தி மூணு மனு சார். புது மீன் அங்காடியில பாக்கி இருக்கிறது ஒரே ஒரு கடை. நாலு மணிக்குள்ள போர்டுல ஒட்டியாகணும்.

— ஒட்டலாம் ஹேமலதா, ஒட்டலாம். முதல்ல பேரையெல்லாம் திரையில விடு.

— பேரு வராது, சந்திரமோகன் சார். ஆளைப் பாத்து நிபந்தனை போடக் கூடாதுன்னு டைரக்டர் பூட்டி வச்சிட்டாங்க. நாம நிபந்தனை போடப் போட எத்தனை பேர் மிச்சம்னு மட்டும் சொல்லும். ஒரு ஆள் மிஞ்சினதும் அனுப்பணும், அப்பதான் பேரு. அனுப்பினா அனுப்பினதுதான், திரும்ப எடுக்க முடியாது.

— நல்லதுதான். விதின்னு ஒண்ணு வேணுமில்ல. பெஞ்சுல யாரு அது?

— நான்தான் சார், நோணாங்குப்பம் செல்வாம்பாள். மார்க்கெட்டை இடிச்சதுலேந்து ரோட்டோரம் கூடை வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு நாலு வாட்டி தூக்கு தூக்குன்றாங்க. முட்டி போயிடுச்சு. அந்தக் கடை வந்தா ஒரே எடத்துல குந்துவேன்.

— மனு போட்டியா? எல்லாக் கட்டமும் ரொப்புனியா?

— ரொப்பினேன் சார். எனக்கப்புறம் யாருக்குன்னு கூட ஒரு கட்டம் இருந்தது. பெத்ததுங்க எங்க வந்து மீன் வெட்டப் போவுதுங்க. கூட வியாபாரம் பண்ணுறவ பேரைச் சொல்லிட்டேன்.

— அந்தக் கட்டம் நான் சேத்ததுதாம்மா. விதி ஒம்பது. மனு போட்டவங்க காலமாயிட்டா, அந்தப் பேருக்குக் கடை போயிடும். யாரும் வந்து கேள்வி கேக்க முடியாது. சரி, வேடிக்கை பாக்காம உக்காரு. ஹேமலதா, கொஞ்சம் கிட்ட வா. நம்ம துர்கா தெரியுமில்ல?

— உங்க மச்சான் சம்சாரம். காலாப்பட்டு.

— மெதுவா பேசு.

— எனக்குக் கேக்குது சார். ஏலத்துல நின்ன காது.

— உன்னைப் பத்தி இல்லம்மா. ஹேமலதா, எழுது. பெண்கள் மட்டும்.

— நூத்தி பதினெட்டு.

— துர்காவுக்கு நாப்பத்தாறு நடக்குது. போன வாரம்தான் கேக் வெட்டினோம். வயசு நாப்பத்தஞ்சுக்கு மேலன்னு போடு.

— மேலயா, இல்ல நாப்பத்தஞ்சும் சேத்தா சார்? 'மேல'ன்னு மட்டும் போட்டா நாப்பத்தஞ்சு வெளிய போயிடும். சமக்குறி சேக்கட்டுமா?

— எதுக்கு? நாப்பத்தஞ்சுல இருக்கிறதெல்லாம் உள்ள பூந்துடும். மேலன்னா மேலதான்.

— கேட்டுட்டேன் சார். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. எழுபத்தி நாலு.

— ஊரு காலாப்பட்டு.

— இன்னா சார் இது, நோணாங்குப்பம் மீனு மட்டும் முள்ளா? எங்க ஊரையும் சேருங்க.

— அட, சேத்தா போச்சு. ஊரு காலாப்பட்டு 'மற்றும்' நோணாங்குப்பம். போடு ஹேமலதா.

— சுழியம் சார்.

— பாத்தியாம்மா? உங்க ஊரைச் சேத்தா ஒருத்தருக்குமே தகுதி இல்ல. நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லுது.

— அப்படி இல்ல சார். 'மற்றும்'னு போட்டா, ஒரே ஆள் ரெண்டு ஊர்லயும் குடியிருக்கணும்னு அதுக்கு அர்த்தம். 'அல்லது' போட்டா ரெண்டு ஊர்க்காரங்களும் வருவாங்க.

— 'அல்லது' போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. அது அமைச்சரவை முடிவு பண்ற விஷயம். நோணாங்குப்பத்தை எடுத்துடு.

— ஒம்பது.

— சொந்தமா ஐஸ் பொட்டி இருக்கணும். துர்காவுக்கு வாங்கிக் குடுத்தாச்சு.

— நாலு.

— இன்னும் நாலா? இந்தக் காலாப்பட்டுக்காரிங்க விடமாட்டாளுங்க போல. மச்சான் எங்க வேலை செய்யறான், சேதராப்பட்டு கம்பெனியில. அப்ப இப்படிப் போடு. வீட்டுல கடல் தொழில் செய்யறவங்க யாரும் இருக்கக் கூடாது.

— மீன் கடைக்கா சார்?

— ஏம்மா, இருக்கிறவங்களுக்கே குடுத்தா இல்லாதவங்க எங்க போவாங்க? சமூக நீதின்னு ஒண்ணு இருக்குதில்ல.

— பாப்பா, அந்த மிசினு மீன் கழுவத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேக்காதா?

— அந்தக் கட்டம் இல்லம்மா. சார், ஒண்ணு.

— ஒண்ணா? அனுப்பு, அனுப்பு.

— ஒரு வாட்டி சரிபாத்துட்டு...

— என்ன சரிபாக்கறது? தையக்காரன் அளவெடுத்த மாதிரி எடுத்திருக்கேன். அனுப்பு.

— அனுப்பிட்டேன். பேரு வருது. அமிர்தவல்லி. காலாப்பட்டு. வயசு அறுபத்தி ரெண்டு.

— யாரு அது? துர்கா எங்க?

— துர்கா அக்கா ரெண்டாவது நிபந்தனையிலயே போயிட்டாங்க சார். முடிஞ்சது நாப்பத்தஞ்சு. நடக்குற வயசு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, முடிஞ்ச வயசுதான் தெரியும். சமக்குறி சேக்கட்டுமான்னு கேட்டேன்.

— திரும்ப எடு.

— முடியாது சார். டைரக்டர் கையெழுத்தே விழுந்துடுச்சு.

— யாரு பேரைச் சொன்ன பாப்பா? அமிர்தவல்லியா? மூக்குத்தி ரெண்டு பக்கமும் போட்டிருக்குமா போட்டோவுல?

— ஆமாம்மா. தெரிஞ்சவங்களா?

— தை மாசம் போயிட்டா. ஜுரம்னு படுத்தா, மூணு நாளு. வீட்டுல நாதி இல்ல, நாங்க மார்க்கெட்டுக்காரிங்கதான் தூக்கிட்டுப் போனோம்.

— செத்துப்போனவளா? ஹேமலதா, செத்துப்போனவ எப்படிம்மா எல்லா நிபந்தனையிலயும் தேறினா?

— உயிரோட இருக்கணும்னு நீங்க நிபந்தனை போடல சார். வீட்டுல கடல் தொழில் செய்யறவங்க யாரும் இல்லன்றதும் சரிதான், அந்த வீட்டுல யாருமே இல்ல.

— நல்லதாப் போச்சு போ. ஆளு இல்லன்னு எழுதி ரத்து பண்ணு. முதல்லேந்து போடலாம். இந்த வாட்டி சமக்குறி நானே வைக்கிறேன்.

— ரத்து ஆகாது சார். விதி ஒம்பது. கட்டத்துல இருக்கிற பேருக்குக் கடை போயிடும்.

— நாதி இல்லாதவ கட்டத்துல யாரை எழுதியிருக்கப் போறா? வெறுமையாத்தான் இருக்கும். படி.

— செல்வாம்பாள், நோணாங்குப்பம். உறவுமுறை: பக்கத்துக் கூடை.