நல்லூரில் ஓடிய ஆறு

"நல்லூரிலை எங்கையடி ஆறு ஓடுது?"

நல்லூரிலிருந்து புத்தூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த, பயிர் செய்யும் கமக்காரர் ஒருவர் தம் மனைவியிடம் இப்படிக் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்த நாடகக் கம்பனி ஒன்று, போர்த்துக்கேயப் பறங்கியரிடம் நாட்டை இழந்த யாழ்ப்பாணத்தின் கடைசி ராசாவின் கதையை நல்லூரிலேயே கொட்டகை போட்டுப் பாட்டும் ஆர்மோனியமுமாக நடித்துக்கொண்டிருந்தது. முதல்நாள் இருவரும் அதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

"அதுக்காக நாடகத்துக்கு நடுவிலை எழும்பி நிண்டு கத்துறதே? சனமெல்லாம் சிரிச்சுது."

"ராசா குதிரையோடை ஆத்துக்கை பாயிறாராம்! கிணத்துத் தண்ணி இறைச்சு இறைச்சு என்ரை கை காய்ச்சுப்போச்சு. எனக்குத் தெரியாத ஆறோ?"

"உங்களைப் பிடிச்சு வெளியிலை விட்டது சரிதான். நான் கடைசிமட்டும் இருந்து பாத்தனான்."

"பாத்திருப்பாய். அழுதும் இருப்பாய்."

"ஓம், அழுதனான். அதுக்கென்ன?"

"பறங்கியள் ராசாவைப் பிடிச்சுக் கப்பலிலை கொண்டுபோய்த் தலையை வெட்டினவங்கள். குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். எங்கடை ஊருக்கு வந்து எங்களுக்கே பொய் சொல்லுறாங்கள்!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் கோப்பாயைத் தாண்டியது. பிறகு அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"இஞ்சை பார், ஆத்துக்கை பாஞ்ச பிறகு ராசாவுக்கு என்ன நடந்தது?"

"நீந்தி அங்காலை ஏறித் தப்பிட்டார்."

"பறங்கியள் பிடிக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, தப்பட்டும்," என்றார்.