சின்யோராவின் வில்லியம்களும் மேரிகளும்

கிறிகோரி: அகஸ்ரீனா, அடுப்பை நூத்துப்போட்டு ஒருக்கா ஓடி வாரும்... கத்தக்கூடாது.

அகஸ்ரீனா: என்னத்தை உடைச்சனீர்?

கிறிகோரி: உடைக்கேல்லை. தரை காயட்டும் எண்டு ஃபானைப் போட்டன்... முழு வேகத்திலை.

அகஸ்ரீனா: ஐயோ, சின்யோராவின்ரை அட்டையள்! ரெண்டுபேரையும் வேலையாலை நிப்பாட்டப்போறா! அவவின்ரை பாட்டன் பூட்டன் எல்லாரும் நிலத்திலை கிடக்கினம்!

கிறிகோரி: அட்டை அடுக்கியிருந்த வரைபடம் மேசையிலைதான் கிடக்கு. ஊர் அசையேல்லை. சனம்தான் இடம்பெயர்ந்திட்டுது.

அகஸ்ரீனா: பகிடி! இங்கிலாந்திலை தன்ரை ஊர்க் கோயில் கலியாணப் பதிவுகளைப் பாத்துப் பாத்து அந்த மனுசி எழுதினது. வெள்ளை அட்டை மாப்பிள்ளை, மஞ்சள் அட்டை பொம்பிளை. எல்லாச் சோடியையும் ஒரே மூச்சிலை பிரிச்சுவிட்டீர்.

கிறிகோரி: பல்லு டொக்டரிட்டைப் போனவ வாறதுக்குள்ளை திருப்பிக் கட்டி வைப்பம். நீர் பொம்பிளைப் பகுதி, நான் மாப்பிள்ளைப் பகுதி.

அகஸ்ரீனா: தரகர் வேலைக்கு மூஞ்சியைப் பார்! சரி, பேரைச் சொல்லும்.

கிறிகோரி: வில்லியம்.

அகஸ்ரீனா: மேரி.

கிறிகோரி: இவனும் வில்லியம்.

அகஸ்ரீனா: இவளும் மேரி. வேறை பேரே கிடைக்கேல்லையோ இவைக்கு?

கிறிகோரி: எங்கடை மன்னாரிலை வீட்டுக்கு ரெண்டு அந்தோனி. நான் வாய் திறக்கேலாது. வருசத்தைப் பாரும்.

அகஸ்ரீனா: வருசம் மாப்பிள்ளையிலை மட்டும்தான் எழுதியிருக்கிறா. பொம்பிளைக்கு வெறும் இடம்தான். இவள் ஆத்துக்கு அங்காலை.

கிறிகோரி: அப்ப ஆத்துக்கு அங்காலை வில்லியம்தான். பாலம் கட்டுமட்டும் ஒருத்தனும் ஆறு கடந்து பொம்பிளை எடுக்கேல்லையாம். முழங்கால் சேறாம். சின்யோரா சொன்னவ.

அகஸ்ரீனா: சேத்துக்குப் பயந்த மாப்பிள்ளையள்!

கிறிகோரி: மேட்டுக்காரன் மேட்டிலை, பள்ளத்துக்காரன் பள்ளத்திலை... இவ்வளவு பெரிய இங்கிலாந்திலை வேலிக்கு அங்காலை ஆள் இருக்கெண்டே தெரியாத சனம்.

அகஸ்ரீனா: உம்மடை சனம் மட்டும்? பலெர்மோவிலை இருந்துகொண்டு மன்னாரிலைதான் பொம்பிளை தேடுது. என்னைப்போலை ஊர்காவற்றுறைக்காரி எண்டால் உம்மடை மாமி மூக்கைச் சுழிக்கிறா.

கிறிகோரி: மாமி பல்லரோச் சந்தை மீனுக்கும் மூக்கைச் சுழிக்கிறவ. நீர்தான் தூரம் போறீரே... லண்டன் மாப்பிள்ளையாம்.

அகஸ்ரீனா: ஆர் சொன்னது?

கிறிகோரி: பிரான்காச்சோப் பக்கம் போற பஸ்ஸிலை ஏறினால் டிரைவரே சொல்லுறான். எஞ்சினியராம்... பெற்றோல் செட்டிலை.

அகஸ்ரீனா: கக்கூசு கழுவுற உமக்கு அது குறைவோ?

கிறிகோரி: வழுக்கையாம்.

அகஸ்ரீனா: படத்திலை தொப்பி போட்டிருக்கிறார்.

கிறிகோரி: அப்ப வழுக்கைதான். ...என்ன மறுமொழி சொன்னனீர்?

அகஸ்ரீனா: இந்தத் தோமஸுக்கு ஆர்? மாவு மில்காரன்.

கிறிகோரி: நான் கேட்டது...

அகஸ்ரீனா: மில் வைச்சிருக்கிறவனுக்குக் கூலிக்காரன்ரை மோளை ஆரும் கேப்பினமோ? பண்ணைக்காரன்ரை சாராவை வையும்.

கிறிகோரி: லண்டனிலை ஒரே மழை. உமக்குத் தடிமன் பிடிக்கும்.

அகஸ்ரீனா: பிடிச்சால் மூக்கைச் சீறுறன். கடைசியாய் ரெண்டு அட்டை மிஞ்சிக் கிடக்கு. வாசியும்.

கிறிகோரி: றோபேட். வாய்க்கால் வெட்டுறவன், ஆத்தங்கரை. உம்மிட்டை?

அகஸ்ரீனா: எலன். புருசனை இழந்தவள். அவளும் ஆத்தங்கரை.

கிறிகோரி: பாத்தீரே, பக்கத்து வளவு! பாவம், கனகாலம் கேக்க வாய் திறவாமல் வேலிக்கு மேலாலை பகிடி மட்டும் விட்டுக்கொண்டு நிண்டிருப்பான்.

அகஸ்ரீனா: வாய் திறவாதவன் பதிவிலை எப்பிடி வருவான்? கேட்டவன்ரை பேர்தான் இதிலை இருக்கு. கேளாதவங்களுக்கு அட்டை இல்லை.

கிறிகோரி: அகஸ்ரீனா... இது பகிடி இல்லை. என்னைக் கட்டுவீரோ?

அகஸ்ரீனா: மாட்டன். முந்தநாள் அண்ணைக்கு ஓம் எண்டு சொல்லியாச்சு. ரெண்டு வருசமாய், இந்தப் பகிடி முடிஞ்சால் அடுத்தது அந்தக் கேள்விதான் எண்டு நினைச்சு நினைச்சு உம்மோடை சிரிச்சுக்கொண்டு நிண்டனான், கிறிகோரி. லண்டன்காரர் டெலிபோன் எடுத்த உடனை கேட்டவர்.