மூக்கு நீண்ட ஆறாவது வண்டு

இதை நான் நேரில் கேட்கவில்லை, அக்கா சொன்னது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர் பூச்சி ஆராய்ச்சிக்காரர். மடியில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ஒன்றிரண்டு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம்.

"...ஆறும்மா! ஆறு புது வண்டு! அத எப்படி அஞ்சும்பாரு? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கட்டுரைய இன்னொருத்தர் படிப்பாரு, யாருன்னு பேர்கூட சொல்ல மாட்டாங்க. அந்த மகானுபாவர் எழுதறாரு, 'அஞ்சாவதும் ஆறாவதும் ஒண்ணே'ன்னு. கண்ணு இருக்கா அவருக்கு? நீயே பாரு... பயப்படாத, செத்ததுதான், ஊசியில குத்தியிருக்கு. கூன்வண்டு. மொகத்துல தும்பிக்கை மாதிரி நீட்டிட்டிருக்கே, அதான் மூக்கு. ஆறாவதுக்கு நீளம், அஞ்சாவதுக்குக் குட்டை. எம்பது தடவ அளந்தேன்மா!

புடிச்ச எடம் மரமே மொளைக்காத மலையுச்சி. பாசியப் பெரட்டிப் பெரட்டி வெரலெல்லாம் மரத்துப்போச்சு. அங்க வண்டுக்கு எறக்கையே கெடையாது. இருந்தா, அடிக்கிற காத்துக்கு அடுத்த மலையிலதான் போய் விழும்... எங்க விட்டேன்? ஆங், மூக்கு. வீட்டுல சொன்னா, 'அஞ்சுன்னா அஞ்சு, விட்டுத் தொலைங்க'ங்கறா. எப்படி விடறது? ஆறாவதுக்கு அவ பேரத்தான் வெச்சிருக்கேன்! அவளுக்குத் தெரியாது, அச்சுல வந்ததும் காட்டலாம்னு இருந்தேன். இருபத்திரெண்டு வருஷத்துல உருப்படியா ஒண்ணு வாங்கிக் குடுத்ததில்ல... அஞ்சாவதுக்கு எங்க ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர் பேரு. இப்ப என்னடான்னா, டைரக்டரும் எம்பொண்டாட்டியும் ஒண்ணாம்! அடுக்குமா?

ரெண்டையும் புடிச்சவனுக்குத் தெரியாதா? ஒரே பாசியிலதான் இருந்துச்சு. ஒண்ணு முதுகுல ஒண்ணு ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்குது. சண்டை போடுதுங்க, காலு கீலு ஒடஞ்சிரப் போகுதுன்னு நாந்தான் பிரிச்சு வேற வேற குப்பியில... ஏம்மா சிரிக்கற?

இல்ல, ஏன் சிரிக்கற?

ஐயய்யோ... புருஷன் பொண்டாட்டிய நானே பிரிச்சு வெச்சுட்டு... பொண்ணுக்குத்தான் மூக்கு நீளம்! வருஷா வருஷம் பாடம் எடுக்கறேனே, எம்புத்தி எங்க போச்சு! இந்தக் கையாலதான் அந்த மனுஷனுக்கு நாலு பக்கம் திட்டி லெட்டர் எழுதி... இன்னும் போஸ்ட் பண்ணல, பையிலதான் இருக்கு. கண்டக்டர்! நிறுத்துங்க, எறங்கணும்!"

போன வாரம் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். புது இனங்கள் ஐந்துதான். கடைசி இனம் இணை சேர்ந்திருந்தபோது பிடிக்கப்பட்டது என்று குறிப்பு இருக்கிறது. அதற்கு வைத்திருப்பது டைரக்டர் பெயர் இல்லை.