பாதி மீசை

சண்முகவேல்: மீசையுந்தான்னு சொல்றேனில்ல. எத்தனைவாட்டி கேப்பே?

சின்னண்ணன்: கோவிச்சுக்காதீங்க சாமி. தலைன்னா தண்ணி தெளிச்சுட்டு இழுத்துருவேன். மீசைன்னா ரெண்டுவாட்டி கேக்கோணுமுங்க. எங்கப்பங் காலத்துல இருந்து அப்படித்தான்.

சண்முகவேல்: கேட்டாச்சில்ல. எடு.

சின்னண்ணன்: ஊட்டுல ஆருங்க தவறுனது?

சண்முகவேல்: ஆரும் தவறல.

சின்னண்ணன்: பங்காளி வகையில...

சண்முகவேல்: ஒருத்தனும் சாகலப்பா. நேத்துப் பஞ்சாயத்துல கமலவேணியத் தீத்து உட்டேனில்ல, தலை முழுகோணும். அதுக்குத்தான்.

சின்னண்ணன்: தலை முழுகறதுக்குத் தலை இருந்தாப் போதுமுங்களே. பொண்டாட்டியத் தீத்து உட்டதுக்கெல்லாம் மீசை எடுக்கறதுன்னா இந்தக் குமாரபாளையத்துல பாதிப்பேரு மொழுக்குன்னு திரிவாங்க.

சண்முகவேல்: உனக்குக் கையி கொஞ்சம், வாயி நெறையா. நான் செரைக்க வந்தேனா, கதை கேக்க வந்தேனா?

சின்னண்ணன்: ரெண்டுக்கும் கூலி ஒண்ணுதானுங்க. தலையச் சித்தக் குனிங்க. மொதல்ல முன்பக்கம் எடுத்துர்றேன்... பஞ்சாயத்துல நீங்க நெம்பச் சிரமப்பட்டீங்க பாவம்.

சண்முகவேல்: எதுக்கு?

சின்னண்ணன்: தீத்து உடறதுக்குத் துரும்பு முறிக்கத்தானுங்க.

சண்முகவேல்: நீ எடுத்துக் குடுத்த துரும்பு அப்படி. ஊருக்கெல்லாம் காஞ்ச துரும்பு, எனக்கு மட்டும் பச்சைத் துரும்பு. ரெண்டா வளையுது, மூணா வளையுது, முறியவே மாட்டேங்குது. பெரியதனக்காரர் வேற, "என்னப்பா, மனசு வல்லியா"ங்கறாரு. அத்தனை பேரும் சிரிக்கறாங்க.

சின்னண்ணன்: கடைசியில பல்லுல கடிச்சு முறிச்சீங்க.

சண்முகவேல்: அவளும் சிரிச்சா. பாத்தியா நீ? புருசன் பொண்டாட்டி இல்லைன்னு ஆவற நேரத்துல பல்லக் காட்டறா.

சின்னண்ணன்: பாத்தனுங்க. சிரிச்சுட்டு அப்பறம் முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிச்சு அம்மிணி.

சண்முகவேல்: வேர்த்திருக்கும்.

சின்னண்ணன்: இருக்குமுங்க. ஆடிக்காத்துல வேர்க்கறவங்களும் இருக்காங்க.

சண்முகவேல்: கிண்டல் பண்றயா?

சின்னண்ணன்: கத்தி தலைமேல இருக்கறப்ப நான் கிண்டல் பண்றதில்லீங்க. ஏனுங்க, அந்தக் காப்பித் தண்ணி அப்படியென்ன பெரிய குத்தமுங்க? ஊரெல்லாம் குடிக்குது.

சண்முகவேல்: ஊரு குடிக்கட்டும். என்ற ஊட்டுல நீச்சத்தண்ணிதான். ஒருநாத் தறியில இருந்து வந்து பாக்கறேன், மூடி வெச்சுட்டு ஒளிச்சுக் குடிக்கறா. சட்டியத் தூக்கி வாசல்ல போட்டேன்.

சின்னண்ணன்: அதுக்கு அம்மிணி பஞ்சாயத்துல சொல்லுச்சே... "காப்பி இல்லாம இருந்துருவேன், இந்த மனுசனோட இருக்க முடியாது"ன்னு.

சண்முகவேல்: அத நீ திருப்பிச் சொல்லோணுமா?

சின்னண்ணன்: இப்ப ஊட்டுல ஆருங்க சட்டிய வெக்கறது?

சண்முகவேல்: ...கடையில குடிச்சுக்கறேன்.

சின்னண்ணன்: என்னதுங்க?

சண்முகவேல்: காப்பிதான். அவ ஒரு மாசம் முந்தியே பவானிக்குப் போயிட்டா, அதுல இருந்து தலைவலி. ஒருத்தன் சொன்னான்னு குடிச்சேன். வாயப் பொத்திட்டு வேலையப் பாரு.

பெருமாயி: சாமி, உங்க பையன் பாலு களி வேண்டாங்கறானுங்க. புள்ளை ராமாத்தா அவம் பங்கையும் சேத்து உள்ள தள்ளிட்டா. இன்னும் போடட்டுங்களா?

சண்முகவேல்: போடு போடு. வயிறு நெறைய உண்ணட்டும்.

பெருமாயி: அவுங்காத்தா ஊட்டுக்குப் போறாங்களாமா. பவானியில ஆட்டுக்குட்டி இருக்குதுன்னு ஒரே குதிங்க. ஏனுங்க சாமி, துணி மூட்டையக் காணமே?

சண்முகவேல்: மூட்டையா... கொண்டு வரல.

பெருமாயி: மாத்துப் பாவாடைகூட இல்லீங்களா?

சண்முகவேல்: அதெல்லாம் இனி எதுக்கு.

பெருமாயி: எதுக்குங்களா? கட்டுன பாவாடையோடவே புள்ளை எத்தனை நாளைக்கு இருக்கும்?

சண்முகவேல்: உன்ற புருசன் ஒருத்தம் பத்தாதுன்னு நீயும் பஞ்சாயத்து வெக்காதே. உள்ள போ.

பெருமாயி: ...போறேனுங்க.

சின்னண்ணன்: இன்னைக்குப் பொழுது உழுகறதுக்குள்ள பசங்கள அம்மிணிகிட்ட உடோணும்னுதானுங்களே தீர்ப்பு?

சண்முகவேல்: தீர்ப்பு. பையனும் அவளுக்கு, புள்ளையும் அவளுக்கு. எனக்குத் தறியாமா. தறியப் புடிச்சு "அப்பா"ன்னு கூப்புடச் சொல்லோணும்.

சின்னண்ணன்: வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நீங்க போயிப் பாக்கலாம்னாங்க.

சண்முகவேல்: ஒறம்பரையாட்டப் போயி, மோர் குடிச்சுப்போட்டு, "அப்ப நான் வாரேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு வாரதுக்கா? நான் பெத்ததுக சின்னண்ணா. எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லாமப் போவட்டும். ஏன் கத்திய நிறுத்திப்போட்டே?

சின்னண்ணன்: ஒண்ணுமில்லீங்க, சிக்கு. ஏ பெருமாயி.

பெருமாயி: என்னங்க?

சின்னண்ணன்: புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிப் பொரியுருண்டை வாங்கிக் குடு.

பெருமாயி: அங்கமுத்து கடை இந்நேரம் தொறந்திருக்காதுங்களே.

சின்னண்ணன்: தொறந்திருக்கற கடைக்குப் போ. தூரமா இருந்தாலும் போ.

பெருமாயி: ...தூரத்துக் கடைக்குங்களா?

சின்னண்ணன்: ஆமா. துணி வெச்சிருக்கற எடம்.

பெருமாயி: வெளங்குச்சுங்க. கண்ணு ராமாத்தா, கையக் கழுவு. பாலு, வா சாமி.

சண்முகவேல்: வெரசா வந்துரோணும். எனக்குச் சோலி இருக்குது.

பெருமாயி: என்ற காலு உங்களுக்குத் தெரியாதுங்களா. ஆடி அசைஞ்சுதான் வருவேன்.

சண்முகவேல்: பொரியுருண்டைக் கடையில துணி எதுக்கு வெக்கறான்?

சின்னண்ணன்: இப்பெல்லாம் ஒரே கடையில எல்லாம் வெக்கறாங்க. மீசைய எடுத்துர்லாமுங்களா?

சண்முகவேல்: அடேய், வந்ததுல இருந்து அதைத்தான சொல்றேன்.

சின்னண்ணன்: ஆடாதீங்க... ம்... இடதுபக்கம் போச்சுங்க.

சண்முகவேல்: வலதுபக்கம்?

சின்னண்ணன்: கத்தி மழுங்கிப்போச்சு. தீட்டோணும்.

சண்முகவேல்: வந்தப்பத்தான தீட்டுனே?

சின்னண்ணன்: உங்க மீசை கம்பியாட்ட இருக்குதுங்க. உங்க கண்ணாலத்தன்னைக்கு இதே மீசைய ஒதுக்கி உட்டேன், அன்னைக்கும் ஒரு கத்தி போச்சு. பொறுங்க... இந்த மேட்டூர்ல அணை கட்டுனாலும் கட்டுனாங்க, தண்ணி அவுங்க சொன்ன பேச்சுத்தான் கேக்குது. நேத்துத் தொறந்து உட்டாங்களாமா. ஆத்துல ரெண்டு கரையும் முட்டிட்டுப் போகுது.

சண்முகவேல்: தெரியும். பாத்தேன்.

சின்னண்ணன்: எப்பங்க பாத்தீங்க?

சண்முகவேல்: வெடியால. சும்மாதான் போனேன்.

சின்னண்ணன்: ஓ.

சண்முகவேல்: இன்னுமா பொரியுருண்டை வாங்கறா? நானே போயிக் கூட்டிட்டு வாரேன்.

சின்னண்ணன்: இப்படியேவுங்களா?

சண்முகவேல்: ஏன்?

சின்னண்ணன்: இந்தாங்க, கண்ணாடி.

சண்முகவேல்: ...அட கருமமே.

சின்னண்ணன்: வலதுபக்கம் பாத்தா மாப்பிள்ளை, இடதுபக்கம் பாத்தா மாமியா. தலையில வேற முன்னால பொட்டக்காடு, பின்னால சோளக்காடு.

சண்முகவேல்: மீதிய எடுத்துத் தொலை.

சின்னண்ணன்: தீட்டிட்டேதானுங்க இருக்கேன்.

சண்முகவேல்: துண்டப் போத்திட்டுப் போறேன்.

சின்னண்ணன்: இன்னைக்குச் சந்தைங்க. தறிக்குப் பாவு ஓட்டறவங்க, நூல் யாவாரிங்க, உங்க பங்காளிங்க, அத்தனை பேரும் தெருவுலதான் நிக்கறாங்க. துண்டப் போத்திட்டுப் போனா "பல்லு வலியா"ன்னு ஒருத்தராச்சும் தூக்கிப் பாப்பாங்க. நேத்துப் பஞ்சாயத்துல சிரிச்சாங்க பாருங்க, அதைவிட...

சண்முகவேல்: போதும். உக்கார்றேன். தீட்டு.

சின்னண்ணன்: சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?

சண்முகவேல்: வேண்டாம்னா உட்ருவியா.

சின்னண்ணன்: அப்பன் போனா மகன் எடுக்கற மீசைங்க இது. மகன் ஒருத்தன் கல்லாட்ட இருக்கறப்ப, நீங்களே ஏனுங்க முந்திக்கறீங்க? அன்னைக்கு எடுக்கறதுக்கு அவன் இருக்கமாட்டான்னுதானுங்களா?

சண்முகவேல்: கத்தியத் தீட்டு சின்னண்ணா.

சின்னண்ணன்: மூணு பேருமாவா... ஆத்துலயா?

சண்முகவேல்: ...

சின்னண்ணன்: பாலு பொறந்தப்ப கழுத்துல கொடி சுத்தி, நீலமா வந்தான். பெருமாயிதான் காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கித் தட்டுனா. அவன் அழுகறதுக்கு முன்னால வெளிய நின்னுட்டு நீங்க அழுதீங்க. ஊரே கேட்டுச்சு.

சண்முகவேல்: அதை இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறே.

சின்னண்ணன்: சொல்லுவேனுங்க. புள்ளைக்காக அப்படி அழுத ஆம்பளைய நான் இன்னொருத்தரப் பாக்கல.

சண்முகவேல்: ...பசங்க எங்க?

சின்னண்ணன்: பாலத்தத் தாண்டிருப்பாங்க. பவானியில அம்மிணி மடியில இருப்பாங்க இந்நேரம்.

சண்முகவேல்: பொரியுருண்டைன்னே?

சின்னண்ணன்: பவானியிலயும் கடை இருக்குதுங்க.

சண்முகவேல்: அப்பவே உனக்குத் தெரியுமா?

சின்னண்ணன்: துணி எதுக்குன்னு கேட்டீங்களே, அப்பவே சந்தேகந்தானுங்க. உங்களை எந்திரிக்க உடாமப் பண்ண எனக்கு வேற வழி தெரியல, அதான் பாதி மீசையில நிறுத்துனேன். அடிக்கறதா இருந்தா அடிச்சுப்போடுங்க சாமி, கத்திய அக்கட்டால வெச்சுட்டேன்.

சண்முகவேல்: ...ஆட்டுக்குட்டியப் பாத்திருப்பானா பாலு?

சின்னண்ணன்: இந்நேரம் அது கழுத்தப் புடிச்சுத் தொங்கிட்டு இருப்பான். அழுகறதா இருந்தா அழுதுருங்க. நான் திரும்பி நின்னுக்கறேன். ...உங்களை ஏமாத்திப்போட்டேன், மன்னிச்சுக்கோணும்.

சண்முகவேல்: என்ற ஊட்டுல இருந்து ஆறு எந்தப் பக்கம்?

சின்னண்ணன்: மேக்காலங்க.

சண்முகவேல்: உன்ற ஊடு?

சின்னண்ணன்: ...கெழக்கால.

சண்முகவேல்: ரெண்டு புள்ளைங்களையும் கையில புடிச்சுட்டு, ஆத்துக்கு முதுகக் காட்டிட்டு, இத்தனை தூரம் எதுக்கு நடந்து வந்தேன்? ஒருத்தனாச்சும் என்னையப் புடிச்சு உக்கார வெக்கமாட்டானான்னுதான், சின்னண்ணா.