ஜூசோ மகளின் காது

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். நெருங்கி உட்காருங்கள். இது என் மைத்துனன் எம்போங் படகில் நடந்தது. எம்போங் புளுகன்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

விடியற்காலை நாலரை மணி. தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் பாதை. ஒரு ஆள் இல்லை. காய வைத்த மீனின் வீச்சம்... எங்கோ ஒரு மட்டை விழுந்த சத்தம். அந்தப் பாதையில் கல்சோம் தனியாக வந்துகொண்டிருந்தாள். பதினோரு வயது. அம்மா விழித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

அவளுடைய அப்பா ஜூசோ மீன் சத்தம் கேட்டுச் சொல்கிறவர். படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடுவார். எந்த மீன், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காதாலேயே சொல்லிவிடுவார். மீன் சத்தம் கிடைத்ததும் மற்றக் கை மேலே உயரும். கூட வரும் வலைப்படகு அந்த இடத்தைச் சுற்றி வலையை இறக்கும். அவர் கேட்கும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. துடுப்புகூட மரத்தில் தட்டக் கூடாது.

போன பருவமழைக்கு முன்னால் ஒருநாள் அப்படித்தான் தலையை உள்ளே விட்டார். விளிம்பைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது... அவ்வளவுதான். உடம்பு கிடைக்கவே இல்லை. நாற்பதாம் நாள் துவா ஓதி, ஊருக்குச் சோறு போட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கரையோரம் சிப்பி பொறுக்கிய கல்சோமை ஒரு அலை உருட்டிக்கொண்டு போனது. வெளியே இழுத்துப் போட்டபோது இரண்டு காதிலும் ரத்தம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் கேட்டது. மணலுக்குள் சிப்பி மூடுவது கேட்டது. மூன்று வீடு தள்ளிப் படுத்திருப்பவரின் நெஞ்சு அடிப்பது கேட்டது.

முதலில் குஷிதான் அவளுக்கு. கண்ணாமூச்சியில் எங்கே ஒளிந்தாலும் நேராகப் போய்த் தொட்டுவிடுவாள். ஆனால் எத்தனை நாள் தோற்பார்கள் பிள்ளைகள்?

"நீ வராத. உன்கூட ஆடினா மூச்சுகூட விட முடியல," என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடம் காலியானது. பாவம், இத்தனை சத்தத்துக்கு நடுவே அவளோடு பேச ஒரு குரல் இல்லை. அவள் தேடியதோ ஒரே ஒரு குரல். கடலுக்குள் தலையை விட்டால் அப்பாவின் குரல் கேட்கும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதற்கு ஆழத்துக்குப் போக வேண்டும். படகு வேண்டும்.

படகுத் தலைவர் தெராமானை ஊரே மாமா என்ற முறையில் 'போக்' என்று கூப்பிடும். இரண்டு மாதமாக வெறும் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தவர். முந்தின நாள் வீட்டுக்கு வந்து, கல்சோமைப் படகில் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்.

"அவங்கப்பன் காதைக் கடலுக்குக் குடுத்தாச்சு போக். இவ காதாவது என்கிட்ட இருக்கட்டும்," என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

அதனால்தான் அந்த நாலரை மணி. தெராமான் அவளை ஏற்றிக்கொண்டார். படகில் மூன்றே பேர். தெராமான், துடுப்புக்கு எம்போங், கல்சோம். வலைப்படகு பின்னால் வந்தது.

"பயமா இருக்கா?" என்றான் எம்போங்.

"உங்களுக்குத்தான் பயம். நெஞ்சு எப்படி அடிக்குது பாருங்க," என்றாள் அவள்.

கரை மறைந்ததும் இஞ்சினை நிறுத்தினார்கள். வானம் லேசாக வெளுத்தது. கல்சோம் விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கித் தலையை உள்ளே விட்டாள். தகரக் கூரையில் தூறல் விழுவது போலப் பாரை மீன் கூட்டத்தின் சத்தம் கேட்டது. கையைத் தூக்கினாள். வலை நிறைந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி நிறைந்தது. தெராமான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை... மீன் சத்தமே இல்லை. வெகு ஆழத்தில் ஒரு செருமல். மூக்கால் செருமுவது. கூர்ந்து கேட்கும்போதெல்லாம் ஜூசோ செருமும் செருமல்.

கல்சோம் தண்ணீருக்குள் வாயைத் திறந்து கத்தினாள். மேலே குமிழிகள்தான் வந்தன. எம்போங் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கிற நேரத்தில் பேசக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவள் கத்தினாள்.

பிறகு அசையாமல் கிடந்தாள். ரொம்ப நேரம். விலுக்கென்று தலையை எடுத்தாள். உதடு நீலமாக இருந்தது.

"கை மேல வந்துருச்சு போக்."

"யாரு கை?"

"அப்பா கை. கீழ இருந்து. கிளம்புங்க... துடுப்புச் சத்தம் கேக்குது. நிறைய. நம்மளைச் சுத்தி வராங்க."

எம்போங் தண்ணீரைப் பார்த்தான். காற்றே இல்லை. படகுக்கு நாற்பது முழம் தள்ளி, கடல் மேல் ஒரு பெரிய வட்டமாக நுரை கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் சின்னதானது. பழைய வலையின் அழுகல் வாடை அடித்தது.

தெராமான் இஞ்சினை இழுத்தார். ஒருமுறை... இரண்டுமுறை... மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. நுரையைக் கிழித்துக்கொண்டு போகும்போது அடிமரத்தில் ஏதோ கயிறு உரசிய சத்தம் எல்லோருக்குமே கேட்டது. வலைப்படகுக்காரர்கள் வலையை அறுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

கரையில் அம்மா நின்றிருந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. மகளைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டாள். எம்போங் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"பாவம், அவருக்கு நீன்னு தெரியல. இருட்டுல ஏதோ மீனுன்னு நெனச்சிருப்பாரு."

கல்சோம் தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. முதல்ல அவரு சும்மாதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் கூப்பிட்டேன், 'அப்பா, நான் கல்சோம்'னு. அதுக்கப்புறம்தான் கையைத் தூக்குனாரு."