தள்ளுபடி ஆயிடுச்சு சார்!

அய்யோ, ஓடாதீங்க சார்! கோட்டுல பட்டன் தொங்குது பாருங்க, இந்தக் கோலத்துலயா அடுத்த கேஸுக்கு நிப்பீங்க? கழட்டிக் குடுங்க. நான் தையக்காரி, ஊசி நூலு பையிலயே இருக்கு. இப்படி பெஞ்சுல உக்காருங்க.

ஆமா சார், நானேதான். இப்ப உங்ககிட்ட தோத்துட்டு வந்தவதான். கோவமா? உங்க மேலயா? நல்ல கதையா இருக்கே! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. எங்க வக்கீலம்மாதான் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் சிரிக்கறதப் பாத்ததும், இவளுக்குக் கழண்டு போச்சுன்னு தண்ணி வாங்க ஓடிட்டாங்க, பாவம்.

எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக் சார். ஆளுங்கள சேத்து சங்கம் வச்சாரு, கூட்டத்துல நாலு வார்த்த பேசினாரு. மறுநாளே, லிஃப்ட் குழியில கிரீஸ் தடவிக்கிட்டிருந்த மனுஷன போலீஸ் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. ரெண்டு வருஷமா நான் ஏறாத ஸ்டேஷன் இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே பல்லவி: நாங்க யாரையும் பிடிக்கல, எவளையாவது இழுத்துக்கிட்டு ஓடியிருப்பாரும்மான்னு. அவராவது ஓடறதாவது! பஸ்ஸுக்கே ஓட மாட்டாரு சார். அப்பறம்தான் அரசாங்கத்து மேலயே கேஸப் போட்டேன்.

அரசாங்க வக்கீல்னா நீங்கதான் சார், பலே ஆளு. கேஸு உள்ள நுழையறதுக்குள்ள வாசப்படியிலயே மடக்கிட்டீங்க. ஜட்ஜய்யாவும் விசாரிக்காமலே தள்ளுபடி பண்ணிட்டாரு. கொஞ்சம் இருங்க, நூலு சிக்கிக்கிச்சு. சந்தோஷத்துல அவசரப்பட்டு இழுத்துட்டேன் சார்.

எதுக்கு சந்தோஷமா? என்ன சார், நீங்க பேசினது உங்களுக்கே மறந்து போச்சா? சம்பந்தப்பட்டவரு எங்க காவல்ல நல்லபடியா இருக்காரு, கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கேஸ் போடறதுன்னா அவரே கையெழுத்துப் போடட்டும், பொண்டாட்டிக்கு என்ன உரிமைன்னு கேட்டீங்களே! பின்னாடி உக்காந்திருந்த போலீஸ் அதிகாரி வேணாம் வேணாம்னு கைய ஆட்டினாரு. ஜெயிக்கற வேகத்துல நீங்க எங்க திரும்பிப் பாத்தீங்க? ஜட்ஜய்யா அத அப்படியே தீர்ப்புலயும் எழுதிட்டாரு.

ஏன் சார் வேர்க்குது? கோட்டா? தரேன், தரேன், முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி.

இன்னிக்குக் காலையில வரைக்கும், அவரு உசுரோட இருக்காரா இல்லையான்னே எனக்குத் தெரியாது சார். அவரு கையெழுத்துதானே வேணும்னீங்க? வாங்கிட்டு வந்துடறேன்.

எந்த ஜெயிலுன்னு மட்டும் சொல்லுங்க.